2.75-19: பழைய பேண்டம் பைக்கின் சில்லுக்குள் இருக்கும் வரலாறு



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களும் வரலாற்றில் விருப்பமுள்ளவர்களும் ஆறுதலாக வாசியுங்கள்.

என்னிடம் படித்த தம்பி ஒருவர், மர்ஹூமான தன் வாப்பாவின் வாப்பா ஓடிய பி.எஸ்.ஏ. பேண்டம் பைக்கை விறகுக் கொட்டிலிலிருந்து வெளியே எடுத்திருக்கிறார். எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிட்டது. பிரச்சினை சில்லில்தான். டயர் இரண்டும் கல்லுப்போல இறுகி, பக்கமெல்லாம் வெடித்துக் கிடக்கின்றன. கடையில் கேட்டால், "19 எடுக்கிறது கஷ்டம், 17 ரிம் போடுங்க, எந்த டயரும் எடுக்கலாம்" என்கிறார்கள். நண்பர்களில் ஒரு பகுதியினர், "அந்த ஒரிஜினல் டன்லொப்பைக் கழற்றாதே, பைக்கின் மதிப்பே அதுதான்" என்கிறார்கள். "சேர், நீங்க வரலாறு படிப்பிக்கிறீங்க, நீங்களே சொல்லுங்க" என்று எனக்கு மெசேஜ் வந்தது.

என் பதில் சுருக்கமானது. டயரைக் கட்டாயம் மாற்றுங்கள். 19 ரிம் நல்ல நிலையில் இருந்தால் அதை விடாதீர்கள். 17 வேண்டாம். ஏன் என்று கேட்டால்தான் கதை நீள்கிறது. நம் ஊர்ப்பக்கம் இன்னும் நாலைந்து வீடுகளில் இப்படிப் பழைய பைக்குகள் படுத்திருப்பதால் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் அந்த எண். 2.75-19 என்றால், டயரின் அகலம் 2.75 அங்குலம், அது உட்காரும் ரிம்மின் விட்டம் 19 அங்குலம். இது இன்று நமக்குச் சாதாரணம். ஆனால் டயரை இப்படி எழுதும் பழக்கம் வந்ததே ஒரு தொழில்நுட்பச் சண்டை முடிந்த பிறகுதான்.

இறப்பர் பால் வெயிலில் இளகும், குளிரில் வெடிக்கும். அதைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் உறுதியான பொருளாக மாறும் என்பதை அமெரிக்காவில் சார்ள்ஸ் குட்இயர் கண்டுபிடித்தது 1839 இல். ஸ்கொட்லாந்துக்காரரான றொபர்ட் வில்லியம் தொம்சன் காற்றடைத்த டயருக்கு 1845 இல் காப்புரிமை எடுத்தார். அவர் அதைச் செய்தது குதிரை வண்டிக்கு. சைக்கிளே ஒழுங்காக வராத காலம் அது, எனவே அந்த யோசனை அப்படியே தூங்கிவிட்டது. 40 வருடங்களுக்குப் பிறகு, பெல்ஃபாஸ்டில் மிருக வைத்தியராக இருந்த ஜோன் பொய்ட் டன்லொப், தன் மகனின் மூன்று சில்லுச் சைக்கிளுக்காக அதே யோசனையை மீண்டும் செய்து பார்த்து, 1888 இல் காப்புரிமை பெற்றார். தொம்சனின் பழைய காப்புரிமை பிறகு வெளியே வந்ததும் டன்லொப்பின் உரிமை செல்லாமல் போனது. ஆனாலும் பெயர் நின்றது டன்லொப்புக்குத்தான். வரலாற்றில் இது அடிக்கடி நடப்பது.

டன்லொப்பின் முதல் டயர்களில் ஒரு பெரிய தொல்லை இருந்தது. அவை ரிம்மோடு ஒட்டப்பட்டிருந்தன. பஞ்சரானால் உரித்து எடுத்துத்தான் திருத்த வேண்டும். 1889 இல் பிரான்சின் கிளெர்மொன் ஃபெரான் நகரிலுள்ள மிஷலான் சகோதரர்களின் இறப்பர்த் தொழிற்சாலைக்கு அப்படியொரு சைக்கிள் வந்தது. கழற்றித் திருத்த மூன்று மணித்தியாலம், ஒட்டுக் காய ஓர் இரவு. அந்த அனுபவத்திலிருந்துதான் கழற்றி மாட்டக்கூடிய டயரை அவர்கள் 1891 இல் கொண்டுவந்தார்கள்.

டயரைக் கழற்றி மாட்டும்படி செய்ய 1890 இலேயே பிரித்தானியாவில் இரண்டு வழிகள் பதிவாகியிருந்தன. ஒன்று பார்ட்லெட் என்பவருடையது. டயரின் விளிம்பில் இறப்பராலேயே ஒரு தடித்த மடிப்பு, ரிம்மின் ஓரம் உள்ளே வளைந்து கொக்கிபோல் அதைப் பிடித்துக்கொள்ளும். மற்றது வெல்ச் என்பவருடையது. டயரின் விளிம்புக்குள் நீளாத உருக்குக் கம்பி வளையம், ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம். டயரின் ஒரு பக்கத்தைப் பள்ளத்துக்குள் தள்ளினால் மறுபக்கம் ரிம்மைத் தாண்டி வெளியே வரும். காற்றடித்ததும் அந்தக் கம்பி வளையம் ரிம்மின் தோளில் ஏறி உட்கார்ந்துவிடும்.

மோட்டார் சைக்கிள்காரர்கள் முதலில் எடுத்தது கொக்கி முறையை. 1920களின் நடுப்பகுதி வரைக்கும் அதுதான். அதில் டயர் நிற்பது காற்றின் அழுத்தத்தால் மட்டுமே. காற்றுக் குறைந்தால் கொக்கி விடும், டயர் ரிம்மை விட்டுக் கழன்று வெளியே பாயும். அதனால்தான் அந்தக் காலத்து ரிம்களில் டயரைப் பிடிக்க மேலதிகமாக போல்ட்டுகள் போட்டார்கள். வேகம் கூடக்கூட, அழுத்தம் குறைந்த பெரிய டயர்கள் தேவைப்பட, வெல்ச்சின் கம்பி வளையமும் பள்ளமுள்ள ரிம்மும் வென்றன. 1920களின் பிற்பகுதியிலிருந்து இன்று நீங்கள் ஓடும் பைக் வரை அடிப்படை அதேதான்.

இந்த மாற்றத்தோடு எண்ணும் மாறியது. கொக்கி டயர்களில் 26 x 2½ என்று எழுதுவார்கள். அதில் 26 என்பது டயரின் வெளி விட்டம். கம்பி வளைய டயர்களில் ரிம்மின் விட்டமே எழுதப்படுகிறது. ஏன் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், மிகப் பழைய பைக் ஒன்று கையில் கிடைத்த ஒருவர் 26 இலிருந்து இரண்டு பக்க 2½ ஐயும் கழித்து 21 என்று கணக்குப் போட்டு 21 அங்குல டயர் வாங்கினால், அது பொருந்தாது. விளிம்பின் வடிவமே வேறு. பலவந்தமாக ஏற்றினால் ஓடும்போது கழன்றுவிடும். ரிம்மின் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். உள்ளே கொக்கிபோல் வளைந்திருந்தால் அது பழைய முறை, அதற்கென்றே செய்யும் டயர்தான் வேண்டும்.

பேண்டத்தில் அந்தப் பிரச்சினை இல்லை. அது 1948 இல் வந்த பைக்.

அதன் பிறப்பும் சுவாரசியமானது. இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன்னர் ஜேர்மனியின் டி.கே.டபிள்யூ. கம்பெனி ஆர்.டி.125 என்ற சிறிய பைக்கைச் செய்தது. போரில் ஜேர்மனி தோற்றதும் அதன் வரைபடங்கள் நட்டஈடாக வென்றவர்களின் கைக்குப் போயின. பிரித்தானியாவில் அதை பி.எஸ்.ஏ. எடுத்துக்கொண்டு, மில்லிமீற்றரில் இருந்ததை அங்குலத்துக்கு மாற்றி, கியர் மிதி வலப்பக்கம் வரும்படி கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பி வரைந்து, 123 சி.சி. எஞ்சினோடு பேண்டம் டி1 என்று விற்றது. அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சன், சோவியத்தில் மொஸ்க்வா, 1955 இல் யமஹாவின் முதல் பைக்கான வை.ஏ.1, எல்லாமே இதே ஆர்.டி.125 இன் வழி வந்தவை. இன்று நம் பிள்ளைகள் ஓடும் யமஹாவும் கொட்டிலில் கிடக்கும் பேண்டமும் ஒரு வகையில் சொந்தக்காரர்கள். பிரித்தானியாவில் தந்திச் சேவகர்கள் சிவப்பு நிற பேண்டத்தில்தான் தந்தி கொண்டு போனார்கள்.

அங்குலத்துக்கு மாற்றினார்கள் என்ற அந்த ஒரு விடயம், இன்று சில்லுத் திருத்தும்போது நம்மைப் பிடிக்கும். அச்சு, நட்டு, பெயரிங் எதை எடுத்தாலும் ஜப்பான் பைக்கின் பொருள் "கிட்டத்தட்ட" பொருந்துவது போலத் தெரியும். அந்தக் காலத்து பிரித்தானிய பைக்குகளில் அங்குலத்துக்கு 26 புரி வைத்த சைக்கிள் புரி நட்டுகள் நிறைய. மில்லிமீற்றர் நட்டு இரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகும். இறுகியதை "நல்லா பிடிச்சிட்டு" என்று நினைத்து ஸ்பனர் போட்டு இழுத்தால் அச்சின் புரி போய்விடும். அது கிடைக்காத சாமான். கழற்றிய ஒவ்வொரு நட்டையும் அதன் இடத்தின் பெயர் எழுதிப் பையில் போட்டு வையுங்கள். புதிய பெயரிங் வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டு போங்கள். எண் அழிந்திருந்தால் உள் விட்டம், வெளி விட்டம், தடிப்பு மூன்றையும் வேர்னியரால் அளக்க வேண்டும், அடிமட்டத்தால் அல்ல.

சரி, 19, 18, 17 விவகாரத்துக்கு வருவோம்.

பழைய முறை டயரின் உயரம் ஏறத்தாழ அதன் அகலத்துக்குச் சமம். ஆகவே 2.75-19 இன் மொத்த விட்டம் 19 ஐயும் இரண்டு 2.75 ஐயும் கூட்டினால் 24.5 அங்குலம். சில்லு ஒருமுறை சுற்றினால் பைக் சுமார் 195 சென்ரிமீற்றர் போகும். கடைக்காரர் சொல்லும் 2.75-17 இன் விட்டம் 22.5. ஒரு சுற்றுக்குச் சுமார் 180 சென்ரிமீற்றர். ஒரு கிலோமீற்றர் ஓட 19 சில்லு ஏறத்தாழ 512 முறை சுற்றும், 17 சில்லு 557 முறை. அதே வேகத்துக்கு அந்த வயசான எஞ்சின் 8 வீதத்துக்கும் மேல் கூடுதலாக உழைக்க வேண்டும். பைக் முழுவதும் ஓர் அங்குலம் கீழே இறங்கும். ஹம்பில் அடி படும், வளைவில் கால் மிதி தரையில் உரசும், ஸ்டாண்டில் தூக்கி வைப்பதும் பாரமாகும். மட்காட்டுக்கும் டயருக்கும் இடையில் வெறுமையாக ஒரு பெரிய இடைவெளி தெரியும். பைக்கை அறிந்தவர் தூரத்திலிருந்தே "ஏதோ பிழை" என்பார்.

இன்னொரு யோசனையும் உலாவுகிறது. என்ஃபீல்ட் புல்லட்டுக்கு வரும் 3.25-19 டயரை அப்படியே போட்டுவிடலாம் என்பது. ரிம் விட்டம் ஒன்றுதான், ஏறும். ஆனால் விட்டம் 25.5 ஆகிறது, அகலமும் அரை அங்குலம் கூடுகிறது. பேண்டத்தின் மட்காட்டும் ஃபோர்க்கும் மெலிந்த டயருக்காகச் செய்தவை. ஆள் ஏறிக் குழியில் விழும்போது டயர் மட்காட்டில் முட்டும். முன் சில்லில் அது நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ரிம் ஒடுக்கமாக இருக்க டயர் அகலமாக இருந்தால் டயரின் வடிவமும் கூம்பிப் போகும், வளைவில் பைக் நெளியும். பழைய பிரித்தானிய ரிம்களில் டபிள்யூ.எம்.1, டபிள்யூ.எம்.2 என்று அடித்திருப்பார்கள். ஒன்று என்றால் உள் அகலம் 1.60 அங்குலம், இரண்டு என்றால் 1.85, மூன்று என்றால் 2.15. இந்த எண்ணைப் பார்க்காமல் டயர் அகலத்தை முடிவு செய்யக்கூடாது. துருவைக் கொஞ்சம் தேய்த்தால் பெரும்பாலும் தெரியும்.

என் கருத்து: முதலில் 2.75-19 ஐயே தேடுங்கள். வெளிநாடுகளில் பழைய பைக்குகளுக்காக இன்றும் இந்த அளவு செய்கிறார்கள். ஐரோப்பாவிலோ மத்திய கிழக்கிலோ இருக்கும் சொந்தங்களிடம் சொல்லி வைத்தால் கிடைக்கும். 3.00-19 கிடைத்தால், மட்காட்டில் இடம் இருக்கிறதா என்று அளந்துவிட்டு அதையும் போடலாம். விட்டம் 25, வித்தியாசம் அரை அங்குலம்தான். இரண்டும் முடியாது, ரிம்மும் துருவில் போய்விட்டது என்றால் மட்டும் 18 ரிம் போட்டு 3.00-18 டயர். அதன் விட்டம் 24. இதை நான் சும்மா சொல்லவில்லை. பி.எஸ்.ஏ. கம்பெனியே பிற்காலத்து பேண்டம் டி7 க்குக் கொடுத்த அளவு அது. கம்பெனி எடுத்த அதே வழியில் போனால் பைக்குக்குச் செய்யும் அநியாயம் குறைவு. கழற்றிய 19 ரிம்மை எறிந்துவிடாமல் கிறீஸ் பூசிக் கட்டித் தூக்கி வையுங்கள், பேரப்பிள்ளை ஒருவன் தேடுவான்.

ரிம்மை வெட்டிச் சிறிதாக்கி வெல்டிங் பிடித்துத் தருவதாகச் சொல்பவர்களிடம் மட்டும் போகவேண்டாம். சில்லு ஓடுவது கம்பிகளின் இழுவையில். ஒட்டிய இடத்தில் அந்த இழுவை ஒருபோதும் சமமாக நிற்காது.

இனி "ஒரிஜினல் டன்லொப்பைக் கழற்றாதே" என்ற கூட்டத்துக்கு. பழமையைப் பேணவேண்டும் என்பதில் உங்களோடு நான் முழு உடன்பாடு. ஆனால் டயர் பழமையைப் பேணும் இடம் அல்ல. இறப்பர் மரத்தின் பால் உயிருள்ள பொருள்போல. ஒட்சிசனும் ஓசோனும் வெயிலும் சேர்ந்து அதன் உள்ளிணைப்புகளை அறுத்துக்கொண்டே இருக்கும், பைக் ஓடினாலும் ஓடாவிட்டாலும். மேலே பூ நன்றாக இருக்கும், பக்கச் சுவரை மடித்துப் பார்த்தால் மயிர்க்கோடு போல வெடிப்புத் தெரியும். அந்த வெடிப்புக்குள் தண்ணீர் போய் உள்ளே இருக்கும் நூலை அழுக வைக்கும். பழைய டயர்களின் உள் நூல் பருத்தி, பின்னர் ரேயோன், அதற்குப் பின்னரே நைலோன். டயரில் 4 பி.ஆர். என்று எழுதியிருப்பதன் அர்த்தமும் இதிலிருந்து வந்ததுதான். ஒரு காலத்தில் உண்மையாகவே நாலு அடுக்குப் பருத்தித் துணி இருந்தது. இன்று இரண்டு அடுக்கு நைலோனே அந்த நாலு அடுக்கின் பலத்தைத் தருவதால் எழுத்து மட்டும் மிஞ்சியிருக்கிறது.

அந்தப் பழைய டயரை எடுத்துச் சுவரில் மாட்டுங்கள், கண்காட்சிக்கு வையுங்கள், நானே வந்து படம் எடுப்பேன். அதில் ஏறிப் பிள்ளையைப் பின்னால் வைத்து ஓடாதீர்கள்.

புதிது வாங்கும்போதும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக்கூடாது. கிடைக்காத அளவு என்று சொல்லிப் பத்துப் பதினைந்து வருடம் களஞ்சியத்தில் கிடந்ததை "புத்தம் புதுசு" என்று தருவார்கள். டயரின் பக்கத்தில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் கடைசி எண்களைப் பாருங்கள். 2000 ஆம் ஆண்டிலிருந்து நாலு இலக்கம். 3523 என்றால் 2023 ஆம் ஆண்டின் 35 ஆவது கிழமை செய்தது. மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அது 2000 க்கு முந்தியது. விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். 2020 இல் வந்த இறக்குமதிக் கட்டுப்பாடுகளுக்குப் பின்னர் பழைய சரக்கு பல இடங்களில் மூலையிலிருந்து வெளியே வந்தது. அதனால் இந்த எண்ணைப் பார்க்கும் பழக்கம் இப்போதைய பைக்குகளுக்கும் நல்லது.

டயரின் பூவிலும் ஒரு சரித்திரம் இருக்கிறது. அந்தக் காலத்துப் படங்களைப் பாருங்கள். முன் டயரில் நீளவாக்கில் கோடுகள் மட்டும், பின் டயரில் கட்டைகள். முன் சில்லின் வேலை திசை காட்டுவதும் பக்கமாகச் சறுக்காமல் நிற்பதும், பின் சில்லின் வேலை தள்ளுவது. பிறகு இரண்டுக்கும் பொதுவான பூ வந்தது, டன்லொப் கே70 அப்படியொன்று. 1969 இல் மேன் தீவுப் பந்தயத்தில் மல்கம் அப்ஹில் என்பவர், கடையில் விற்கும் வகை ட்ரையம்ஃப் பொனவில் பைக்கில் மணிக்கு 100 மைல் சராசரியில் ஒரு சுற்றை முடித்தார். அவர் போட்டிருந்த டன்லொப் கே81 டயருக்கு அதன் பிறகு டி.டி.100 என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பேண்டத்துக்கு அதெல்லாம் தேவையில்லை. முன்னுக்குக் கோடு, பின்னுக்குக் கட்டை, அல்லது இரண்டுக்கும் ஒரே பொதுப் பூ, எதுவானாலும் சரி. பக்கச் சுவரில் உள்ள அம்புக்குறி சுற்றும் திசையைக் காட்டுகிறதா என்று மட்டும் பார்த்துப் போடச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இன்றைய டயர்களில் 90/90-19 என்று எழுதியிருக்கும். முதல் 90 அகலம் மில்லிமீற்றரில், இரண்டாவது 90 உயரம் அகலத்தின் எத்தனை வீதம் என்பது, 19 மட்டும் இன்னும் அங்குலம். உலகமே மில்லிமீற்றருக்கு மாறிய பின்னும் டன்லொப் காலத்து அங்குலம் ரிம்மை விட்டு இறங்கவில்லை. 90/90-19 என்பது ஏறத்தாழ 3.25-19 க்கு ஈடு. ஆகவே பேண்டத்துக்கு அது தடிப்பு.

டியூப் விடயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். கம்பிச் சில்லில் ஒவ்வொரு நிப்பிள் ஓட்டையாலும் காற்றுப் போகும் என்பதால் டியூப் கட்டாயம். புது டயருக்குப் பழைய டியூப் போட்டால் அது ஏற்கெனவே நீண்டிருக்கும், மடிந்து அந்த மடிப்பிலேயே வெடிக்கும். 19 க்கு 17 டியூபை இழுத்துப் போடுவதும் அப்படியே. ரிம்மின் உள்ளே நிப்பிள்களுக்கு மேல் இறப்பர்ப் பட்டி போடுங்கள், நீட்டி நிற்கும் கம்பி முனைகளை அராவி விடுங்கள். வால்வின் அடி நட்டை ரிம்மோடு இறுக்க வேண்டாம். மேலே மூடியோடு சேர்த்து விடுங்கள். டயர் ரிம்மில் வழுக்கித் திரும்பினால் வால்வு சாய்ந்து காட்டிக்கொடுக்கும். இறுக்கி வைத்தால் காட்டாது, ஒருநாள் வால்வு அடியோடு அறுந்துபோகும்.

கம்பி மாற்றுவதாக இருந்தால் ரிம் வாங்குவதற்கு முன் ஹப்பின் ஓட்டைகளை எண்ணுங்கள். பழைய பிரித்தானியப் பைக்குகளில் 40 ஓட்டை பரவலாக உண்டு, ஜப்பான் பைக்குகளில் 36. 36 ஹப்புக்கு 40 ரிம் ஒருநாளும் சேராது. எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் போதாது. ரிம்மில் ஒவ்வொரு ஓட்டையும் ஹப்பை நோக்கி ஒரு கோணத்தில் சாய்த்து அடிக்கப்பட்டிருக்கும். சின்ன ஹப்புக்கு அடித்த ரிம்மைப் பெரிய ஹப்புக்குப் போட்டால் கம்பி நிப்பிள் அருகில் வளைந்து நிற்கும், கொஞ்ச நாளில் அந்த இடத்திலேயே முறியும். பழைய சில்லைக் கழற்றும் முன் நான்கு பக்கத்தாலும் படம் எடுத்து வையுங்கள், எந்தக் கம்பி எதன் மேலால் போகிறது என்று பின்னர் தேடவேண்டி வராது. சைக்கிள் சில்லுப் பின்னிப் பழகிய வயசான பாஸ்மார் ஒருசிலர் இன்னும் நம் பகுதியில் இருக்கிறார்கள். கம்பியை ஸ்பனரால் தட்டி, சத்தத்தை வைத்தே எது தளர்வு என்று சொல்வார்கள். அந்தக் கை வேலைக்குக் கேட்ட கூலியைக் கொடுங்கள். பேரம் பேச இடம் வேறு இருக்கிறது.

ரிம்மின் துருவைப் பற்றி ஒரு வார்த்தை. வெளியே தெரியும் துரு பயமில்லை. டயர் மூடியிருக்கும் உள் பள்ளத்தைப் பாருங்கள், ஊசியால் குத்தினால் இறங்குகிறதென்றால் அந்த ரிம் முடிந்தது. குரோம் அடித்துப் பளபளக்க வைத்தால் மட்டும் பலம் வராது. தேய்த்துத் தேய்த்து மெலிந்ததைத்தான் மினுக்குகிறோம். எல்லாப் பழைய ரிம்மும் குரோமாகத்தான் இருந்தது என்றும் நினைக்க வேண்டாம். கொரிய யுத்த நாட்களில், 1951, 52 காலத்தில், நிக்கலுக்குத் தட்டுப்பாடு வந்து பிரித்தானியக் கம்பெனிகள் பல பைக்குகளின் ரிம்முக்கு வெறும் வர்ணமே பூசி அனுப்பின. அந்த வருடத்துப் பைக்காக இருந்தால் வர்ணம் பூசிய ரிம்தான் ஒரிஜினல், செலவும் குறைவு.

இதே கொரிய யுத்தம்தான் நம்மை இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோகிறது. பரீட்சைக்குப் பாடமாக்கிய இறப்பர் அரிசி ஒப்பந்தம் ஞாபகமா? யுத்தத்தால் ஏறிய இறப்பர் விலை பின்னர் சரிந்தது, அரிசி விலையோ ஏறியது. டட்லி சேனாநாயக்க அரசாங்கத்தின் வர்த்தக அமைச்சர் ஆர்.ஜி. சேனாநாயக்க 1952 டிசம்பரில் சீனாவோடு ஒப்பந்தம் செய்தார். வருடத்துக்கு 50,000 தொன் இறப்பர் நாம் கொடுப்பது, 270,000 தொன் அரிசி அவர்கள் தருவது. கம்யூனிச நாட்டுக்கு இறப்பர் விற்றதற்காக அமெரிக்கா உதவியை மறுத்தது. இலங்கை பின்வாங்கவில்லை. ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டு 1982 வரை ஓடியது. பேண்டம் புதிதாக வந்து இறங்கிய அதே காலத்தில், ருவன்வெல்லையிலும் யட்டியாந்தோட்டையிலும் விடியற்காலையில் பால் வெட்டியவர்களின் உழைப்பு அரிசியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது.

அதற்கும் முன்னர், 1942 இல் ஜப்பான் மலாயாவையும் ஜாவாவையும் பிடித்ததும், நேச நாடுகளின் கையில் மிஞ்சிய பெரிய இறப்பர்த் தோட்டங்களில் ஒன்றாக இலங்கை ஆனது. மரம் செத்தாலும் பரவாயில்லை என்று கடைசிச் சொட்டுவரை வெட்டி எடுத்தார்கள். லொறியும் விமானமும் இராணுவ மோட்டார் சைக்கிளும் ஓட அந்தப் பால் போனது. இவ்வளவுக்கும் இறப்பர் நம் மண்ணின் மரமே அல்ல. 1876 இல் ஹென்றி விக்ஹாம் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு வந்த சுமார் 70,000 விதைகளில் முளைத்தவற்றில் பெரும்பகுதி, 1,900 க்கு மேற்பட்ட கன்றுகள், கண்ணாடிப் பெட்டிகளில் கப்பலேறி அதே வருடம் இலங்கைக்கு வந்தன. அவற்றை நட்ட இடம் கம்பஹா ஹெனரத்கொட தோட்டம். ரயிலில் கொழும்புக்குப் போகும் வழியில்தான் இருக்கிறது. பிள்ளைகளை ஒருமுறை கூட்டிப் போங்கள்.

இவ்வளவு காலமும் நாம் ஷீட்டாக அடித்துப் புகைபோட்டு அனுப்பினோம், டயராக மீண்டும் காசு கொடுத்து வாங்கினோம். 1960களில் சோவியத் உதவியோடு களனியில் டயர்த் தொழிற்சாலை வந்தபோதுதான் அந்தக் கணக்குக் கொஞ்சம் மாறத் தொடங்கியது. இன்று மோட்டார் சைக்கிள் டயரும் இங்கேயே செய்கிறார்கள். 18 க்கும் 17 க்கும் நம் நாட்டு டயரே கிடைக்கிறது. 19 க்குத்தான் ஆட்கள் குறைவு. நாடு முழுவதும் பழைய பைக் வைத்திருப்பவர்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒரே அளவில் சில நூறு டயர் கேட்டால் யாராவது செய்து தருவார்களா என்று எனக்கு ஒரு யோசனை உண்டு. அளவு தெரியாமல் கேட்க முடியாது, ஆகவே முதலில் எண்ணிக்கை வேண்டும்.

வீட்டில் பழைய பி.எஸ்.ஏ., ட்ரையம்ஃப், நோர்ட்டன், பழைய ஹொண்டா எது இருந்தாலும், ரிம்மில் அடித்திருக்கும் எண், ஹப்பின் ஓட்டை எண்ணிக்கை, இப்போது இருக்கும் டயரின் அளவு மூன்றையும் கீழே கொமண்டில் எழுதுங்கள். எண் துருவில் மறைந்திருந்தால் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, வெயில் சரிவாக விழும் நேரத்தில் படம் எடுத்து அனுப்புங்கள், சேர்ந்து வாசித்துப் பார்ப்போம். பழைய பைக்கோடு வாப்பாமார் நிற்கும் கறுப்பு வெள்ளைப் படங்கள் இருந்தாலும் போடுங்கள். டயரின் பூ தெளிவாகத் தெரிந்தால் இன்னும் நல்லது.